வீட்டில் கட்டிய செட்: சத்தம் எந்த இடத்தில் கிழிகிறது?

வீட்டில் கட்டும் பாட்டு செட்டுகள் நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரே சாயல்தான். உள்ளங்கை அளவில் ஒரு அம்ப்ளிஃபயர் போர்ட், பழைய மடிக்கணினியின் அடப்டர் அல்லது ஓட்டோ பற்றரி, காரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் இரண்டு, தச்சரிடம் சொல்லி அடித்த பிளைவூட் பெட்டி, பாட்டுக்கு போன். கல்லடியில் கட்டினாலும் காரைதீவில் கட்டினாலும் கதை இதுதான். மெல்லிய சத்தத்தில் நன்றாகவே பாடும். வொலியூமைக் கூட்டினால்தான் வினை. குரல் கிழியும், பேஸ் விழும் நேரம் பாட்டு முழுவதும் நடுங்கும், 'ஸ' வரும் இடமெல்லாம் காதில் குத்தும்.

பார்க்க வருகிறவர் "ஸ்பீக்கர் போயிற்று தம்பி" என்பார். புது ஸ்பீக்கர் வரும். அதிலும் அதே கிழிசல்.

ஸ்பீக்கரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது என் கட்சி. அது தன்னிடம் வந்து சேர்ந்ததைப் பாடுகிறது, அவ்வளவுதான். வந்து சேர்ந்ததே வெட்டுப்பட்டு வந்திருந்தால் எவ்வளவு விலை கொடுத்து ஸ்பீக்கர் வாங்கினாலும் வெட்டுப்பட்டதுதான் கேட்கும். வெட்டு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பதற்கு, முதலில் அந்த வெட்டு என்னவென்று தெரிய வேண்டும்.

போனிலிருந்து வரும் பாட்டு என்பது மேலும் கீழும் ஆடும் ஒரு சிறிய வோல்டேஜ். அம்ப்பின் வேலை அந்த ஆட்டத்தை உருவம் மாறாமல் பெரிதாக்குவது. ஆனால் தனக்குக் கிடைக்கும் கரண்டின் வோல்டேஜைத் தாண்டி அதனால் எதையும் கொடுக்க முடியாது. தாழ்ந்த கூரைக்குக் கீழே துள்ளுகிறவனின் தலை இடிப்பதுபோல, பாட்டின் உச்சி அந்த வோல்டேஜில் போய் முட்டும். வளைவாக இருக்க வேண்டிய உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். தட்டையான அந்த விளிம்புகளிலிருந்து, பாட்டில் இல்லாத புதிய மேல்சுருதிகள் பிறக்கின்றன. காதில் குத்துவது அவைதான்.

12 வோல்டில் இயங்கும் செட்டுக்குக் கூரை எவ்வளவு உயரம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்போது கிடைக்கும் சின்ன போர்டுகளில் பெரும்பாலானவை ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இரு பக்கமிருந்தும் ஓட்டுபவை. ஆகவே ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச வோல்டேஜ் ஏறத்தாழ 12. உச்சியில் மட்டும் நிற்காமல் ஆடுவதால், அதை 1.414 ஆல் வகுத்தால் உண்மையில் வேலை செய்யும் வோல்டேஜ் கிடைக்கும், 8.5 வோல்ட். இந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி ஸ்பீக்கரின் ஓமால், அதாவது அதன் மின்தடையால், வகுத்தால் வாட் கிடைக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட், 4 ஓமுக்கு 18 வாட். ஏட்டுக் கணக்கே இவ்வளவுதான் என்றால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறையும்.

போர்டில் "50 வாட் + 50 வாட்" என்று அச்சிட்டிருக்குமே என்பீர்கள். டிபிஏ3116 என்ற சிப் உள்ள போர்டுகளில் அப்படித்தான் இருக்கும். எண் பொய்யில்லை. ஆனால் அந்த 50 வாட் 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் கிடைப்பது. அப்போதும் வெளிவருவதில் 10 சதவீதம் திரிபு. அதாவது விளம்பரத்தில் உள்ள வாட், அம்ப் ஏற்கெனவே கூரையில் முட்டி நன்றாகக் கிழிகிற நிலையில் அளந்தது. 12 வோல்ட் பற்றரியில் மாட்டிவிட்டு 50 வாட்டைத் தேடினால் கிழிசல்தான் கிடைக்கும். இந்த சிப் 26 வோல்ட் வரை தாங்கும் என்று அதன் தரவுத்தாளில் இருக்கிறது. ஆகவே 19 வோல்ட் மடிக்கணினி அடப்டரைக் கொடுத்தாலே கூரை நன்றாக உயர்ந்துவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: போர்டில் உள்ள பெரிய கப்பாசிட்டர்கள் 25 வோல்ட் மட்டும் தாங்குபவையாக இருந்தால் 24 வோல்ட் அடப்டரைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

வொலியூம் குமிழ் சொல்லும் பொய்

புதிதாகக் கட்டுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. குமிழ் பாதியில் நின்றால் அம்ப்பின் பாதிச் சக்திதான் வெளிவருகிறது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. குமிழ் உள்ளே வரும் சிக்னலைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவே. அம்ப் அதை எத்தனை மடங்காக்குகிறது என்பது போர்டில் நிரந்தரமாக வைத்திருக்கும் கணக்கு. டிபிஏ3116 சிப்பில் அதற்கு நான்கு நிலைகள் உண்டு. 26 டெசிபெல் நிலையில் வோல்டேஜ் 20 மடங்காகும், 36 டெசிபெல் நிலையில் 63 மடங்காகும்.

12 வோல்ட் கூரைக்குக் கீழே 20 மடங்கு பெருக்கினால், உள்ளே வரும் சிக்னலின் உச்சி 0.6 வோல்டைத் தொட்டதுமே தலை இடிக்கும். 63 மடங்கில் 0.2 வோல்டுக்குள்ளேயே இடித்துவிடும். போனின் இயர்போன் துளையில் முழு வொலியூமில் அரை வோல்ட் முதல் ஒரு வோல்ட் வரை வருவது வழக்கம். அப்படியானால் குமிழைக் கால்வாசி திருப்பியதுமே சில செட்டுகள் கிழிவதில் வியப்பில்லை. மீதி முக்கால்வாசித் திருப்பத்தில் புதிதாக எந்தச் சக்தியும் இல்லை. கிழிசலை அதிகமாக்கத்தான் அது உதவும்.

இதிலிருந்து எந்தக் கருவியும் தேவைப்படாத சோதனை ஒன்று கிடைக்கிறது. செட்டில் வொலியூம் இரண்டு இடங்களில் இருக்கும், ஒன்று போனில், மற்றது அம்ப்பில். கிழிசல் தெளிவாகக் கேட்கும் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது போனில் மூன்று நான்கு படி குறைத்து, காதுக்கு அதே சத்தம் வரும்வரை அம்ப் குமிழைக் கூட்டுங்கள். கிழிசல் போய்விட்டால் வெட்டு விழுந்தது அம்ப்புக்கு முன்னால். போன், புளூடூத் போர்ட், பேஸைக் கூட்டிக் குறைக்கும் டோன் போர்ட் இவற்றில் ஏதோ ஒன்று நிரம்பி வழிந்திருக்கிறது. போன் வொலியூமை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றாமல் வைத்தால் பெரும்பாலும் காரியம் முடிந்தது. கிழிசல் அப்படியே இருந்தால் பழி அம்ப்பின் மேலோ, கரண்ட் கொடுக்கும் அடப்டரின் மேலோ, ஸ்பீக்கரின் மேலோ.

கூடவே போனில் இக்வலைசர், பேஸ் பூஸ்ட் என்று என்னென்ன இயங்குகின்றன என்று பார்த்து எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பேஸ் குமிழை முழுதாகத் திருப்பினால் பல டோன் போர்டுகளில் தாழ்சுருதி 10 டெசிபெலுக்கு மேல் ஏறும். 10 டெசிபெல் என்றால் 10 மடங்கு வாட். 2 வாட்டில் சுகமாகப் பாடிக்கொண்டிருந்த செட்டிடம் பேஸுக்கு மட்டும் 20 வாட் கேட்கிறீர்கள். 12 வோல்ட் செட்டில் அது இல்லவே இல்லை.

பேஸ் குறைவாகக் கேட்பதற்கு வேறொரு காரணமும் உண்டு, அதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு ஸ்பீக்கரின் வயர்கள் முனை மாறி மாட்டப்பட்டிருந்தால் ஒரு ஸ்பீக்கரின் கோன், அதாவது ஆடும் கூம்பு, முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். இரண்டின் பேஸும் ஒன்றையொன்று அழித்துவிடும். அது தெரியாமல் பேஸ் குமிழைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் கிழிசலில் வந்து நிற்பார்கள். அம்ப்பிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பேனா பற்றரியை அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பற்றரியின் பிளஸ் பட்ட முனை ஸ்பீக்கரின் பிளஸாக இருந்தால் கோன் வெளியே துள்ளும். இரண்டு ஸ்பீக்கரிலும் சரிபார்த்துவிட்டு மாட்டுங்கள்.

மத்தளம் அடிக்கும்போது குரல் நடுங்கினால்

கரண்ட் போதாத செட்டைப் பிடிக்க நம் ஊரில் நல்ல சோதனைப் பாட்டு இருக்கிறது. கூத்துப் பதிவு ஒன்றைப் போடுங்கள், வடமோடியோ தென்மோடியோ எதுவும் சரி. மத்தளத்தின் தொப்பிப் பக்கம் விழும்போதெல்லாம் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரலும் சேர்ந்து நடுங்குகிறதா? அடி விழாத இடத்தில் குரல் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு அடிக்கும் அடப்டரின் வோல்டேஜ் விழுகிறது. கூரையே கீழே இறங்கி வந்து, குற்றம் செய்யாத குரலின் தலையில் இடிக்கிறது. ஒன்று மட்டும், பதிவு சுத்தமானதாக இருக்க வேண்டும். கோயில் வெளியில் போனைப் பிடித்து எடுத்து, வட்ஸ்அப்பில் பத்துப் பேர் கைமாறி வந்த பதிவு எந்த செட்டிலும் கிழியும். அதே பதிவை இயர்போனில் கேட்டுவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

மல்டிமீற்றர் இருந்தால் இதைக் கண்ணாலும் பார்க்கலாம். டிசி வோல்டில் வைத்து, அம்ப் போர்டில் கரண்ட் நுழையும் இரண்டு முனைகளில் பிடியுங்கள். பாட்டு இல்லாதபோது 12 என்று காட்டி, சத்தமாகப் பாடும்போது 10, 9 என்று ஆடினால் அடப்டர் போதாது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரையும் முழுச் சத்தத்தில் ஓட்ட 12 வோல்டில் மூன்று அம்பியருக்கு மேல் வேண்டும். வைஃபை ரவுட்டரின் ஒரு அம்பியர் அடப்டரில் அது நடக்காது. அடப்டரின் முனையில் வோல்டேஜ் நிற்கிறது, போர்டில் மட்டும் விழுகிறது என்றால் இடையில் உள்ள வயர் மெலிந்தது அல்லது சோல்டர் சரியில்லை.

மாற்றி மாட்டிப் பார்க்க ஓட்டோ பற்றரி கைகொடுக்கும். பற்றரியில் சுத்தமாகப் பாடினால் அடப்டர்தான் வினை. ஆனால் அந்தப் பற்றரியின் முனைகள் தவறி ஒன்றோடொன்று தொட்டால் வயர் உருகித் தீப்பிடிக்கும். பிளஸ் வயரில், பற்றரிக்குப் பக்கத்திலேயே 5 அம்பியர் பியூஸ் ஒன்று போடாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ட்ரான்ஸ்போமர் வைத்துக் கட்டிய பழைய பாணி செட்டுகளுக்கு இன்னொரு தொல்லை. மடிக்கணினி அடப்டர் உள்ளே வரும் கரண்ட் 230 வோல்டிலிருந்து 200க்கு இறங்கினாலும் வெளியே அதே 19 வோல்டைக் கொடுக்கும். ட்ரான்ஸ்போமர் அப்படிச் சமாளிக்காது, உள்ளே எவ்வளவு குறைகிறதோ வெளியிலும் அதே விகிதத்தில் குறையும். 230 என்பது 200 ஆனால் அம்ப்பின் சக்தியில் ஏறத்தாழ கால்வாசி போய்விடும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குத் தெரு முழுக்க லைட் போட்டிருக்கும் இரவில் வோல்டேஜ் இறங்கினால், பகலில் ஒழுங்காகப் பாடிய செட் அன்றிரவு கிழியும். அதற்கு செட்டைத் திறந்து பார்த்துப் பயனில்லை.

ட்ரான்ஸ்போமர் செட்டைத் திறப்பதென்றால் ப்ளக்கைக் கழற்றிவிட்டுத் திறக்க வேண்டும். கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். மீற்றரை வைத்துப் பார்த்து, ஒன்றிரண்டு வோல்டுக்குக் கீழே இறங்கிய பிறகு கை வையுங்கள். அந்தக் கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அவை காய்ந்துபோனால் கிழிசலோடு "ம்ம்ம்" என்ற இரைச்சலும் சேர்ந்து வரும். நம் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், டிசியாக மாறும்போது மிஞ்சும் அலை 100 ஹேர்ட்ஸ். இரைச்சலில் கேட்கும் தாழ்சுருதி அந்த அலைதான்.

போனைச் சார்ஜரில் போட்டபடி வயரால் அம்ப்பில் மாட்டினால் வரும் இரைச்சல் வேறு வகை. சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிட்டால் செட்டில் குறையில்லை, சார்ஜரும் அடப்டரும் ஒரு வளையமாக இணைந்துவிட்டன. சார்ஜில் போடாமல் கேளுங்கள் அல்லது புளூடூத்தில் கேளுங்கள். இரைச்சல் போக வேண்டுமென்று ப்ளக்கின் எர்த் முனையை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யக் கூடாது. உயிரைக் காப்பது அந்த முனை.

இப்போது ஸ்பீக்கர்

இதுவரை எல்லாம் சரியென்றால், இடது வலது ஸ்பீக்கர்களை அம்ப்பில் மாற்றி மாட்டுங்கள். இடப்பக்கம் கேட்ட கிழிசல் ஸ்பீக்கரோடு சேர்ந்து வலப்பக்கம் போய்விட்டால் குற்றவாளி ஸ்பீக்கர். இடப்பக்கமே நின்றால் அம்ப் அல்லது அதற்கு முன்னால் உள்ளது. பிறகு உள்ளே வரும் இடது வலது வயர்களையும் இதேபோல் மாற்றினால் அம்ப்பா போனா என்பதும் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டுக் குழம்பி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கிழிந்தால் இந்த வித்தை பலிக்காது. இரண்டுக்கும் பொதுவான அடப்டரையும் பாட்டு வரும் இடத்தையும் பாருங்கள்.

சந்தேகம் ஸ்பீக்கரில் விழுந்தால், கோனின் இரு பக்கமும் விரல்களைப் பரப்பி வைத்து, சமமாக, மெல்ல உள்ளே தள்ளுங்கள். சரக் என்று உரசல் கேட்டால் உள்ளே இருக்கும் சுருள் காந்தத்தில் உரசுகிறது. அதைச் சரிசெய்வதைவிட வேறு ஸ்பீக்கர் தேடுவது மேல். பழைய கார் ஸ்பீக்கர்களில் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தைத் தொட்டாலே உதிரும். வெக்கையும் ஈரமும் அதை அரித்துவிடும். காகிதக் கோன் என்றால் கிழிசல், ஒட்டு விட்ட இடம் இருக்கிறதா பாருங்கள். மீற்றரை ஓமில் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்றும், 4 ஓம் ஸ்பீக்கர் 3, 3.5 என்றும் காட்டும். அது இயல்புதான், பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே முனையில் ஒன்றாக மாட்டியிருந்தால் அம்ப் பார்ப்பது 2 ஓம். சின்ன போர்டுகள் அதைத் தாங்காமல் கிழியும் அல்லது அடிக்கடி அணைந்து அணைந்து எரியும்.

கார் ஸ்பீக்கர் போடுகிறவர்கள் செய்யும் இன்னொரு காரியம், இடது வலது இரண்டின் மைனஸ் வயர்களையும் ஒன்றாக முறுக்கி ஒரே வயராகக் கொண்டுவருவது. சில பழைய அம்ப்களில் அது நடக்கும். இரு பக்கமிருந்தும் ஓட்டும் போர்டுகளில் மைனஸிலும் சிக்னல் இருப்பதால், அப்படிச் செய்தால் போர்ட் கிழிந்து பாடும் அல்லது ஒரேயடியாகப் போய்விடும். நான்கு முனைக்கு நான்கு வயர்.

பெட்டியின் ஆட்டத்தையும் ஸ்பீக்கரின் குறையாக நினைப்பதுண்டு. பாட்டு ஓடும்போது பலகைகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்துங்கள். ஓரிடத்தில் அழுத்தும்போது சத்தம் சுத்தமானால் அங்கே ஆணியோ ஒட்டோ தளர்ந்திருக்கிறது. மரத்தூள் பலகை என்றால் மார்கழி மழையில் ஊதிப் பொருத்து விடும்.

நம் கரையில் உப்புக் காற்றை மறந்து எதையும் கட்டக் கூடாது. கடற்கரைக்குப் பக்கத்தில், கல்லடியோ திருக்கோவிலோ பொத்துவிலோ, ஆறு மாதத்தில் வயர் முனைகளில் பச்சை படியத் தொடங்கும். படிந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். வயரை அசைத்தால் கிழிசல் கூடிக் குறைந்தால் அதுதான். முனையை வெட்டி, புதிதாகச் சீவி, வெறுமனே முறுக்கி விடாமல் சோல்டர் செய்துவிட்டால் கவலை விடும். வொலியூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்றால் குமிழின் உள்ளே அழுக்கு. அதற்கென்று கடையில் விற்கும் ஸ்ப்ரே இருக்கிறது. தையல் மெஷின் எண்ணெய் விடுவது சிலர் வழக்கம். இரண்டு நாள் சுகமாக இருக்கும், பிறகு தூசியை ஒட்டவைத்து முன்னைவிட மோசமாகும்.

இனி, கூட்டினால் சரியாகி மெல்ல வைத்தால் மட்டும் கரகரக்கும் செட். இது கூரைப் பிரச்சினையே அல்ல. ட்ரான்சிஸ்டர் வைத்துக் கட்டிய அம்ப்பில், அலையின் மேல்பாதியைக் கொடுக்கும் ட்ரான்சிஸ்டரிலிருந்து கீழ்ப்பாதியைக் கொடுக்கும் ட்ரான்சிஸ்டருக்கு வேலை கைமாறும் இடத்தில் சிறு இடைவெளி விழுகிறது. சத்தம் பெரிதாக இருக்கும்போது அந்த இடைவெளி மறைந்துபோகும், சிறிதாக இருக்கும்போது அதுவே பாதிப் பாட்டைத் தின்றுவிடும். அந்த இடைவெளியை மூடும் பயஸ் என்ற அமைப்பைச் சரிசெய்ய வேண்டும். புதியவர் கைவைக்கிற வேலை அல்ல, கொஞ்சம் கூட்டினாலும் ட்ரான்சிஸ்டர் சூடேறி எரியும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நன்றாகப் பாடிவிட்டு அரை மணி நேரத்தில் கிழியத் தொடங்கினால் சிப்பைத் தொட்டுப் பார்க்காமல், அதன் அலுமினியத் தட்டைத் தொட்டுப் பாருங்கள். தட்டு குளிர்ந்தே இருந்தால் சிப்பின் சூடு அதற்கு வந்து சேரவில்லை, இடையில் பசை இல்லை அல்லது திருகு இறுகவில்லை. பாட்டே போடாமல் சும்மா வைத்திருக்கும்போதும் கொதித்தால், காதுக்கு எட்டாத உயரத்தில் அம்ப் தானாக ஊளையிட்டுக்கொண்டிருக்கலாம். டிடிஏ2030 போன்ற சிப்புகளில் ஸ்பீக்கர் முனைக்குக் குறுக்கே ஒரு ஓம் ரெசிஸ்டரும் சின்னக் கப்பாசிட்டரும் போடச் சொல்வது இதை அடக்கத்தான். எதற்கென்று தெரியாமல் பலர் விட்டுவிடும் இரண்டு பொருட்கள் அவை.

எல்லாம் பார்த்தும் கிழிசல் போகவில்லை, இடது வலது மாற்றியும் அம்ப்பில்தான் நிற்கிறது என்றால், மலிவான போர்டுகளில் சிப்பே போலியாக இருப்பதுண்டு. அந்த போர்டைத் திருத்த உட்காராதீர்கள். பெட்டியும் ஸ்பீக்கரும் அடப்டரும் அப்படியே இருக்கட்டும், போர்டை மட்டும் மாற்றுங்கள். மேல்சுருதிக்கென்று தனியாக ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் அதுவரை சத்தத்தைக் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்ட உச்சியிலிருந்து பிறக்கும் மேல்சுருதி எல்லாம் போய்ச் சேர்வது ட்வீட்டருக்குத்தான். முதலில் எரிவதும் அதுதான்.